பூஜ்ய டிகிரிக் கோடு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், அப்பலாச்சியன் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது ஆஷ்வில் நகரம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் உயரம். அங்கிருந்து வடகிழக்கே முப்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது மவுண்ட் மிட்செல் சிகரம். அதன் உயரம் 2,037 மீட்டர். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இதை மிஞ்சிய சிகரம் அமெரிக்காவில் இல்லை. ஆஷ்வில்லில் ஒரு குளிர்காலம் முழுவதும் விழும் வெண்பனியைச் சேர்த்து வைத்தாலும் பல ஆண்டுகளில் அது முழங்காலைத் தொடாது. அதே குளிர்காலத்தில் மிட்செல் உச்சியில் சராசரியாக ஏழடிக்கு மேல் விழுகிறது. இந்த முப்பது கிலோமீட்டருக்குள் மழை எங்கே முடிந்து வெண்பனி எங்கே தொடங்கும்? டிசம்பர் பிறந்துவிட்டால் அந்த மலைப்பகுதியின் வானிலை ஆர்வலர்களைத் தூங்கவிடாத கேள்வி இது.

சிகரத்துக்குப் பெயர் தந்த எலிஷா மிட்செல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறையும் என்பதை வைத்து, 1835இல் காற்றழுத்தமானியோடு மலையேறி அதன் உயரத்தைக் கணக்கிட்டார். தாமஸ் கிளிங்மன் என்ற அரசியல்வாதி அந்தக் கணக்கை மறுத்தார். அதைச் சரிபார்க்க 1857இல் மறுபடி மலைக்குப் போன மிட்செல், ஓர் அருவிக்கருகே தவறி விழுந்து இறந்தார். இன்று அவருடைய கல்லறை சிகரத்தின் உச்சியிலேயே இருக்கிறது. ஓர் எண் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக உயிரை விட்ட மனிதரின் மலை இது. பனியை அளக்கும் இன்றைய ஆர்வலர்களைப் பற்றிப் பேசும்போது அவரைச் சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த மலைகள் இருக்கும் அட்சரேகை கிட்டத்தட்ட காஷ்மீரின் அட்சரேகைதான். ஆனால் இங்கே இமயத்தின் உயரம் கிடையாது. தெற்கே சில நூறு கிலோமீட்டரில் மெக்சிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான நீர்ப்பரப்பு, கிழக்கே அட்லாண்டிக், வடக்கே தடுப்பே இல்லாமல் கனடா வரை விரியும் சமவெளி. வெப்பமும் ஈரமும் ஒரு பக்கத்திலிருந்து வருகின்றன. உறைகுளிர் மறுபக்கத்திலிருந்து வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பெரும்பாலான குளிர்காலப் புயல்களில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே ஊசலாடும். மைனஸ் பத்தில் இருக்கும் ஊரில் பனிப்பொழிவை முன்கூட்டிச் சொல்வது எளிது. பூஜ்யத்தில் இருக்கும் ஊரில் அரை டிகிரி பிசகினாலும் ஓரடிப் பனி வெறும் குளிர்மழையாகிவிடும்.

ஒரு புயலைப் பற்றிய பேச்சு ஏழெட்டு நாள் முன்பே தொடங்கிவிடும். அப்போது அது புயலாகவே இருக்காது. அலாஸ்காவுக்குத் தெற்கே, பசிபிக்கின் மேல், ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்துக் காற்றோட்டத்தில் ஒரு நெளிவு, அவ்வளவுதான். அந்த நெளிவு கண்டத்தைக் கடந்து வந்து வளைகுடா ஈரத்தைத் தொட்டு ஒரு காற்றழுத்தத் தாழ்வாக மாறுமா என்பதைக் கணினி மாதிரிகள் கணக்கிடுகின்றன. அமெரிக்க அரசின் மாதிரியான ஜிஎஃப்எஸ் நாளுக்கு நான்கு முறை ஓடுகிறது. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் தலைமையகம் கொண்ட ஐரோப்பிய மையத்தின் மாதிரியை எல்லோரும் ‘யூரோ’ என்பார்கள். கரோலினா நேரப்படி இரவு பத்தரை மணிக்கு ஜிஎஃப்எஸ் வரைபடங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். யூரோவைப் பார்க்க வேண்டுமென்றால் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரை விழித்திருக்க வேண்டும். மறுநாள் வகுப்பெடுக்க வேண்டிய ஆசிரியர்களும் காலையில் வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்களும் விழித்திருக்கிறார்கள். வங்கக் கடலில் ஒரு தாழ்வு உருவாகும்போது சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆர்வலர்கள் பார்த்துக்கொண்டிருப்பதும் இதே இரண்டு மாதிரிகளைத்தான். நம் கவலை, அது எங்கே கரையைக் கடக்கும் என்பது. அவர்களுடைய கவலை, எந்த உயரத்தில் உறையும் என்பது.

பத்து நாள் முன்பே ‘இந்த ஊருக்கு இருபது அங்குலம்’ என்று வண்ணம் தீட்டிய வரைபடங்கள் கைக்குக் கை பரவுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த எண் ஒரு மாதிரியின் ஒரே ஓர் ஓட்டத்தில் வந்தது. ஆறு மணி நேரம் கழித்து அடுத்த ஓட்டத்தில் அது காணாமல் போகலாம். 1961இல் எட்வர்ட் லோரென்ஸ் தன் கணினியில் 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று கொடுத்தபோது, சிறிது தூரத்தில் வானிலையே வேறாகிப் போனதைக் கண்டார். பசிபிக்கின் மேலுள்ள நெளிவை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அந்த நான்காவது, ஐந்தாவது தசம இடங்கள் நம் கைக்கு வருவதில்லை. அதனால்தான் ஒரே மாதிரியைத் தொடக்க நிலையில் சிறுசிறு மாற்றங்களோடு பலமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஐரோப்பிய மையம் 51 முறை ஓட்டுகிறது. அனுபவமுள்ள ஆர்வலர் ஆறு நாள் முன்பு தனி வரைபடம் எதையும் நம்பமாட்டார். ஐம்பத்தொன்றில் எத்தனை ஓட்டங்கள் தாழ்வைக் கரையோரமாகக் கொண்டுபோகின்றன, எத்தனை அதைக் கடலுக்குள் தள்ளுகின்றன, எத்தனை மலைக்கு மேற்கே ஏற்றுகின்றன என்று எண்ணிப் பார்ப்பார். முதல் வகை என்றால் மலைக்குப் பனி. கடைசி வகை என்றால் தெற்கிலிருந்து வெப்பக்காற்று ஏறிவந்து மழை.

இந்தக் கூட்டுக் கணிப்பு முறை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடைமுறைக்கு வந்தது 1992 டிசம்பரில். மூன்றே மாதத்தில் அப்பலாச்சியன் மலைகள் கண்ட மிகப்பெரிய பனிப்புயல் வந்தது.

1993 மார்ச் இரண்டாவது வாரம். தென்மாநிலங்களில் வசந்தம் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. வாரத் தொடக்கத்திலேயே மாதிரிகள் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லின: வார இறுதியில் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு தாழ்வு பிறந்து, அசாதாரண வேகத்தில் வலுத்து, கிழக்குக் கரையோரமாக ஏறப்போகிறது. வடக்கிலிருந்து வரும் துருவ மேற்காற்றோட்டமும் தெற்கிலிருந்து வரும் துணைவெப்பமண்டல மேற்காற்றோட்டமும் ஒன்றோடொன்று கலந்ததுதான் அந்த வலுவுக்குக் காரணம். மார்ச் நடுவில் அலபாமாவில் கடும் பனியா என்று கணிப்பாளர்களுக்கே தயக்கம். எனினும் தேசிய வானிலை மையத்தில் லூயி உச்செல்லினியும் அவருடைய சகாக்களும் மாதிரிகள் சொன்னதை நம்பினார்கள். புயலை ஐந்து நாள் முன்பே அறிவித்தார்கள். கடும்பனிப்புயல் எச்சரிக்கை இரண்டு நாள் முன்பே வெளியானது. ஒரு துளிப் பனி விழுவதற்கு முன்பே பல மாநில ஆளுநர்கள் அவசரநிலையை அறிவித்தார்கள்.

மார்ச் 12ஆம் தேதி இரவு தொடங்கி 14ஆம் தேதி வரை அது 26 மாநிலங்களைத் தாக்கியது. மைய அழுத்தம் 960 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இறங்கியது. கடும் சூறாவளிகளில் காணும் அளவு அது. மவுண்ட் மிட்செல்லில் 50 அங்குலம், டென்னசி பக்கம் ஸ்மோக்கி மலைத்தொடரிலுள்ள மவுண்ட் லெ கான்ட்டில் 56 அங்குலம், அதாவது 142 சென்டிமீட்டர் விழுந்தது. அலபாமாவின் பர்மிங்ஹாமிலேயே 13 அங்குலம். பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே இடி இடித்தது. ஸ்மோக்கி மலைகளில் சிக்கிக்கொண்ட மலையேறிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஃபுளோரிடாவின் வளைகுடாக் கரையில் இரவோடிரவாகக் கடல் ஊருக்குள் ஏறியது. பனியை அவ்வளவு தெளிவாகச் சொன்ன முன்னறிவிப்பு அந்தக் கடலேற்றத்தை அதே தெளிவோடு சொல்லவில்லை. ஆனாலும் அதே அளவு புயல் பத்தாண்டுக்கு முன் வந்திருந்தால் எத்தனை கார்கள் நெடுஞ்சாலையில் புதைந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், அந்த ஐந்து நாள் எவ்வளவு பெரிய கொடை என்பது புரியும்.

ஏழு ஆண்டு கழித்து இதே கரோலினாவில் கதை தலைகீழானது. 2000 ஜனவரி 24ஆம் தேதி. தாழ்வு கடலுக்குள் விலகிப்போய்விடும் என்றே மாதிரிகள் சொல்லிவந்தன. மாலைக்குள் முன்னறிவிப்பை மாற்ற வேண்டியதாயிற்று. மலைக்குக் கிழக்கே சமநிலத்தில் இருக்கும் ராலே நகர விமான நிலையத்தில் மறுநாள் வரை விழுந்தது 20.3 அங்குலம். அந்த ஊரில் அதுவரை ஒரே புயலில் அவ்வளவு விழுந்ததில்லை. பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்ட காரணம் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல். புயல் முழுதாக உருவாவதற்கு முன், தென்மாநிலங்களின் மேல் ஒரு மழைப்பகுதி பெய்துகொண்டிருந்தது. நீராவி நீராக மாறும்போது வெப்பம் வெளிப்படும். அந்த வெப்பம் கீழ்மட்டக் காற்றில் ஒரு சுழற்சியை உண்டாக்கி, கடலின் ஈரத்தைக் கரைக்குள் இழுத்துவிட்டது. மாதிரிகள் அந்தத் தொடக்க மழையையே சரியாகப் பிடிக்கவில்லை. பிறகு எதையும் பிடிக்க வழியில்லை. கரோலினாவின் பழைய ஆர்வலர்கள் 1993ஐ எவ்வளவு பேசுகிறார்களோ அவ்வளவு 2000த்தையும் பேசுவார்கள். புயலுக்கு முந்தைய நாள் எங்கே இடிமழை பெய்கிறது என்று ரேடாரில் தேடும் பழக்கம் பலருக்கு அதிலிருந்து வந்தது.

புயல் வரும் பாதை உறுதியான பிறகு, கடைசி இரண்டு நாளில் கேள்வி கிடைமட்டத்திலிருந்து செங்குத்துக்கு மாறிவிடும். நிலப்படத்தை மூடிவிட்டு எல்லோரும் காற்றின் குறுக்குவெட்டைப் பார்க்கத் தொடங்குவார்கள். அதைத் தருவது ஒரு பலூன். க்ரீன்ஸ்பரோ நகரில் தினமும் இருமுறை, காலை ஆறேகால் வாக்கிலும் மாலை அதே நேரத்திலும், வானிலைச் சேவையினர் ஒரு ரப்பர் பலூனைப் பறக்கவிடுகிறார்கள். அதன் அடியில் தொங்கும் சிறு பெட்டி நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் மேலேறிக்கொண்டே வெப்பநிலையையும் ஈரத்தையும் அழுத்தத்தையும் வானொலி அலையில் அனுப்பும். பலூன் 30 கிலோமீட்டர் தாண்டி எங்கோ வெடித்து விழும். காகிதத்தில் மிஞ்சுவது இரண்டு வளைகோடுகள்: ஒன்று வெப்பநிலை, மற்றது பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. அந்த இரண்டு கோடுகளில்தான் இரவின் தலையெழுத்து இருக்கிறது.

தரையில் மைனஸ் 2 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மேகத்துக்குள் மைனஸ் 15. நடுவே, ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர் உயரத்தில், தெற்கிலிருந்து நுழைந்த ஒரு வெப்ப அடுக்கு. வளைகோடு அந்த இடத்தில் மட்டும் பூஜ்யக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் மூக்கு நீட்டும். ஆர்வலர்கள் பேச்சில் அது ‘வெப்ப மூக்கு’தான். மேகத்தில் பிறந்த பனிப்படிகம் அந்த அடுக்கில் உருகி, கீழே தடித்த குளிர் அடுக்கில் மறுபடி உறைந்தால், தரைக்கு வருவது கண்ணாடி மணிபோன்ற சிறு ஐஸ் உருண்டை. ஜன்னலில் சடசடவென்று அடிக்கும். கீழ்க் குளிர் அடுக்கு மெல்லியதாக இருந்தால் உறைய நேரமில்லை; துளியாகவே வந்து, தொட்ட இடத்தில் உறையும். மரக்கிளை, மின்கம்பி, பாலம் எல்லாம் ஐஸ் பூசிக்கொள்ளும். ஓரடிப் பனியைவிடக் கால் அங்குல உறைமழைக்கு அங்குள்ள மின்பணியாளர்கள் அதிகம் அஞ்சுவதற்குக் காரணம் இது. வெப்ப மூக்கு பூஜ்யத்தைத் தொடாமல் மைனஸ் அரையிலேயே நின்றுவிட்டால், அதே இரவு, அதே ஊர், வெறும் வெண்பனி.

தரையருகே அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்பதிலும் மலைக்குப் பங்கு உண்டு. நியூ இங்கிலாந்து பக்கம் ஓர் உயர் அழுத்தம் அமர்ந்தால், அதிலிருந்து வழியும் உலர்ந்த குளிர்காற்று தெற்கு நோக்கி வந்து அப்பலாச்சியனின் கிழக்குச் சரிவில் முட்டும். குளிர்காற்று கனமானது, மலையேறிக் கடக்க அதற்கு வலுவில்லை. ஏரிக்கரையில் தண்ணீர் தேங்குவதுபோல மலையோரமாகத் தேங்கி, ஜார்ஜியா வரை ஆப்புபோல நீளும். உள்ளூரில் அதற்கு ‘வெட்ஜ்’ என்று பெயர். வளைகுடாவின் வெப்பக்காற்று இந்த ஆப்பைத் தள்ள முடியாமல் அதன் மேல் சறுக்கி ஏறுகிறது. மேலே வெப்பம், கீழே குளிர். வெப்ப மூக்கு பிறக்கும் இடமே அதுதான்.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. புயல் நெருங்கும் மாலையில் வெப்பநிலை 3 டிகிரி என்று பார்த்துப் புதியவர்கள் சோர்ந்துபோவார்கள். பழகியவர்கள் பனிநிலையைப் பார்ப்பார்கள். அது மைனஸ் 8 என்றால் காற்று அவ்வளவு உலர்ந்திருக்கிறது என்று பொருள். முதல் மழைத்துளிகள் அந்த உலர்காற்றில் ஆவியாகும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் வெப்பநிலை மைனஸ் 1ஐ ஒட்டி இறங்கிவிடும். அடுத்தது உருகுதல். ஒரு கிராம் பனி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். பனி பலமாக விழுந்து உருகிக்கொண்டே இருந்தால், உருகும் அடுக்கே குளிர்ந்து குளிர்ந்து பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு வருவது உருகாது. லேசாகத் தூறினால் கடைசிவரை மழை, கொட்டினால் பனி. வெப்பநிலை ஒன்றேதான், பெய்யும் வேகம் முடிவைத் தீர்மானிக்கிறது. மூன்று கிலோமீட்டர், ஒன்பது கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும் மாதிரிகளுக்கு, ஒரு தனி ஓடைப் பள்ளத்தாக்கில் இது எப்போது நடக்கும் என்று தெரிய வாய்ப்பே இல்லை.

பனி விழத் தொடங்கியதும் கணினியை விட்டு எழுந்து வெளியே போகும் ஆர்வலர்கள்தான் எனக்கு உயர்ந்தவர்களாகத் தோன்றுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பவை மிக எளிய கருவிகள். இரண்டடிக்கு இரண்டடியாக வெட்டி வெள்ளைப் பெயின்ட் அடித்த ஒரு பிளைவுட் பலகை. வெள்ளை ஏனென்றால், கறுப்பு வெயிலை உறிஞ்சிப் பனியை உருக்கிவிடும். வீட்டுக்கும் மரத்துக்கும் தள்ளி, காற்று வாரிக் குவிக்காத இடத்தில் அதை வைக்க வேண்டும். அதில் சேர்ந்ததை அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து, துடைத்துவிட்டு, மறுபடி வைக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் துடைக்கக் கூடாது. பனி தன் எடையிலேயே அமுங்கும். மணிக்கொரு முறை துடைத்து அளந்து கூட்டினால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். தன் ஊருக்குச் சாதனை அளவு கிடைக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. விதியை மீறாமல் 7.8 என்று எழுதுபவர் அந்த ஆசையை அடக்கிவிட்டுத்தான் எழுதுகிறார்.

ஆழத்தை மட்டும் அளந்தால் போதாது. நாலு அங்குல விட்டமுள்ள மழைமானியின் புனலையும் உள்குழாயையும் கழற்றிவிட்டு, வெளி உருளையில் பனியைப் பிடிப்பார்கள். காலையில் அதை உள்ளே கொண்டுவந்து, அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கி, ஊற்றியதைக் கழித்தால் பனிக்குள் இருந்த நீர் எவ்வளவு என்பது தெரியும். பத்து அங்குலப் பனிக்கு ஓர் அங்குல நீர் என்பது பழைய கணக்கு. அது அடிக்கடி பொய்க்கும். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உகிச்சிரோ நகாயா 1936இல் முயல் முடியின் நுனியில் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்து, எந்த வெப்பநிலையில் எந்த வடிவம் உருவாகும் என்று வரையறுத்தார். மேகம் மைனஸ் 15ஐ ஒட்டி இருந்தால் கிளைவிட்ட நட்சத்திரங்கள் பிறக்கும். அவை ஒன்றின் மேல் ஒன்று விழும்போது இடையில் காற்று நிறைந்து, ஓர் அங்குல நீரே பதினைந்து, இருபது அங்குலமாக உயரும். பூஜ்யத்தை ஒட்டி விழும் ஈரப்பனியில் அது ஐந்து அங்குலத்தைத் தாண்டாது; ஆனால் மரத்தை முறிப்பது அந்த ஐந்துதான்.

இப்படி அளப்பவர்களுக்கு நெடிய பாரம்பரியம் உண்டு. அமெரிக்க அரசின் தன்னார்வப் பதிவாளர் திட்டம் 1890இலிருந்து நடக்கிறது. 1997 ஜூலையில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில், சில கிலோமீட்டர் இடைவெளியில் மழை அளவு பெரிதும் மாறி, ஐந்து பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். இருந்த ஒருசில மானிகளால் அந்த வேறுபாட்டைப் பிடிக்க முடியவில்லை. மறு ஆண்டே நோலன் டோஸ்கன் முன்னின்று, வீட்டுக்கு வீடு மழைமானி வைக்கும் கோகோராஸ் என்ற தன்னார்வ வலையமைப்பைத் தொடங்கினார். இன்று அப்பலாச்சியன் பள்ளத்தாக்குகளிலும் காலை ஏழு மணிக்கு அதற்காக மானியைப் பார்க்கிறார்கள்.

தாழ்வு அட்லாண்டிக்குக்குள் போய்விட்டதும் தொலைக்காட்சிகள் புயல் முடிந்தது என்று சொல்லிவிடும். மலையின் மேற்குச் சரிவில் அப்போதுதான் அடுத்த கட்டம் தொடங்கும். தாழ்வின் பின்புறம் காற்று வடமேற்கிலிருந்து திரும்பி வீசும். சிலசமயம் அது மிச்சிகன் ஏரியைக் கடந்து, அதன் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வரும். மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, ஒரு நாளோ இரண்டு நாளோ விடாமல் பொடிப்பனி தூவும். அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து இதை ஆராய்ந்த பேக்கர் பெரி, பிற்பாடு 2019இல் எவரெஸ்டில் வானிலை நிலையங்களை நிறுவிய குழுவிலும் இருந்தவர். உயரமான மேற்குச் சரிவுகளின் ஆண்டுப் பனியில் கிட்டத்தட்டப் பாதி இந்த வடமேற்குக் காற்றில்தான் விழுகிறது என்பது இந்த ஆய்வுகளிலிருந்து தெரியவந்தது.

அதைத் தரும் மேகங்கள் மிகத் தாழ்வானவை. தெற்கு கரோலினாவின் க்ரியரில் உள்ள ரேடாரும் டென்னசியின் மோரிஸ்டவுன் ரேடாரும் அனுப்பும் அலைகள் மலையை எட்டும்போது அந்த மேகங்களுக்கு மேலே போய்விடுகின்றன. திரையில் ஒன்றும் தெரியாது. சாலையில் மணிக்கு அரை அங்குலம் ஏறிக்கொண்டிருக்கும். க்ரியர் அலுவலகத்தின் கணிப்பாளர் எச்சரிக்கையை நீட்டிப்பதா விலக்குவதா என்று முடிவு செய்ய வேண்டும். மலை மாவட்டத்தில் பள்ளிப் பேருந்தை எந்தச் சாலையில் விடுவது என்று இன்னொருவர் முடிவு செய்ய வேண்டும். அந்நேரம் அவர்களுக்குக் கிடைக்கும் நம்பகமான தகவல், 1,200 மீட்டர் உயரத்து வீடு ஒன்றிலிருந்து வரும் ‘இரவு முதல் 4.3 அங்குலம், இன்னும் விழுகிறது’ என்ற ஒற்றை வரி.